துருவுக்கு எத்தனை மதிப்பெண்?

ரயில் தண்டவாளம் என்ன நிறம்? இதழைச் சற்று மூடி வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

கறுப்பு என்று சிலர் சொல்வீர்கள். வெள்ளியைப் போலப் பளபளக்கும் என்று சிலர் சொல்வீர்கள். இரண்டாவது விடை பாதி சரி. சக்கரம் உருளும் மேற்பரப்பு மட்டுமே பளபளக்கிறது. பக்கங்களும் அடிப்பகுதியும் ஆழ்ந்த பழுப்பு. அதாவது துருவின் நிறம். சக்கரங்கள் கடக்கும் ஒவ்வொரு முறையும் மேலே படிந்த மெல்லிய துரு தேய்ந்து போகிறது. பக்கங்களைத் தேய்ப்பார் யாருமில்லை. வண்டி எப்போதாவது வரும் கிளைப் பாதையில் மேற்பரப்பும் மங்கிப் பழுப்பேறிக் கிடக்கும். ஆகவே, தண்டவாளத்தின் தலையைப் பார்த்தே அந்தப் பாதையில் அண்மையில் வண்டி ஓடியதா, இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இத்தனை பீடிகை எதற்கு என்று கேட்பீர்கள். இதைக் கவனித்துத் தன் மாதிரியில் அப்படியே காட்டிய ஒரு மாணவிக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைத்தோம். அந்த மூவரில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது ஒரு விஞ்ஞானக் கண்காட்சியில். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்பது இங்கே வேண்டாம். மதிப்பெண் தாளில் தோற்றம், செயல்பாடு, விளக்கம் என்று மூன்று கட்டங்கள். முதல் பரிசு பெற்ற மாதிரி ஒரு ரயில். கடையில் பெட்டியோடு வாங்கிய மின்சார ரயில், தெர்மகோல் மலை, பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் புல்வெளி, சுரங்கத்துக்குள் ஒரு சிறு விளக்கு. பொத்தானை அழுத்தியதும் வண்டி வட்டமாகச் சுற்றியது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு இரண்டு மேசை தள்ளி, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கரையாம்புத்தூரிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி நின்றிருந்தாள். அவள் மேசையில் முழங்கை நீளம் தண்டவாளமும் அதன்மேல் ஒரே ஒரு சரக்குப் பெட்டியும் இருந்தன. கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்த பெட்டி. அது ஓடவில்லை. விளக்கு எரியவில்லை. போதாக்குறைக்கு அழுக்காக இருந்தது. கூரை ஓரத்திலிருந்து பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. அடிப்பகுதி முழுவதும் புழுதி நிறம். "ஏம்மா, புதுசா பெயின்ட் அடிச்சுக் கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார் ஒரு நடுவர். "உங்க ஊர்ல ரயிலே கிடையாதே, இது எதுக்கு?" என்றார் இன்னொருவர். தோற்றத்துக்குப் பத்துக்கு இரண்டு விழுந்தது. தாளின் கீழே மூன்று கையொப்பங்கள், மூன்றாவது என்னுடையது.

அன்று மாலை மேசைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டியை மறுபடியும் பார்த்தேன். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்டேன்.

முதல் கேள்வி: "உன் தண்டவாளம் ஏன் இத்தனை அகலம்?" கடை ரயிலின் பாதையைவிட அவளுடையது சற்று அகலமாக இருந்தது. அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அதில் ஒரு வகுத்தல் கணக்கு. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.3.

இதைச் சற்று விளக்க வேண்டும். உலகில் பலர் பொழுதுபோக்காகச் செய்யும் மாதிரி ரயில்களில் மிகவும் பரவலான அளவு 1-க்கு 87. உண்மையில் 87 செ.மீ. நீளமுள்ள பொருள் மாதிரியில் 1 செ.மீ. நீளம். இந்த அளவில் விற்கும் வண்டிகள் 16.5 மி.மீ. அகலப் பாதையில் ஓடுகின்றன. 16.5-ஐ 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1435 மி.மீ. வரும். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பாதையின் அகலம். சென்னை மெட்ரோவும் அதே அகலந்தான். ஆனால் நம் அகலப் பாதையோ 1676 மி.மீ. அகலமுள்ளது. ஆகவே, கடை ரயிலுக்கு நம் நாட்டு வண்ணத்தைப் பூசி, 'திருச்சி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் எழுதினாலும், அது ஐரோப்பியப் பாதையில்தான் ஓடுகிறது! முதல் பரிசு பெற்ற ரயிலில் இந்தத் தவறு இருந்தது. எங்களில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சரியாகச் செய்தவளிடம், கடைத் தண்டவாளத்தில் பொருந்தாதே என்று குறைப்பட்டுக்கொண்டோம்.

இரண்டாவது கேள்வி: "பெட்டியின் அளவுகள் எப்படிக் கிடைத்தன?" நெல்லிக்குப்பத்தில் அவள் அத்தை வீடு இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் போகும் பாதை அது. நிலையத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றபோது, நடைமேடையிலிருந்தே அத்தை மகனின் கைபேசியில் படம் எடுத்திருக்கிறாள். தண்டவாளத்தில் இறங்கவில்லை, நீங்களும் இறங்கக்கூடாது. வண்டியின் பின்புறம் நேராகத் தெரியும் படத்தில், இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1676 மி.மீ. என்பது தெரிந்த உண்மை. அதையே அளவுகோலாகக் கொண்டால், அதே தொலைவிலுள்ள பெட்டியின் அகலம், உயரம் ஆகியவற்றை விகிதக் கணக்கால் பெற்றுவிடலாம். எட்டாம் வகுப்பு விகிதசமம்! நாம் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்துவிட்டு மறந்துபோகும் கணக்கை இவள் நடைமேடைக்குக் கொண்டுபோயிருந்தாள்.

இனி அழுக்குக்கு வருவோம்.

மாதிரி செய்பவர்கள் புதிய மாதிரிக்கு வெயிலும் மழையும் பட்ட தோற்றத்தை வேண்டுமென்றே ஏற்றுவார்கள். இதற்குத் தனித் தூரிகைகள், பொடிகள், வழிமுறைகள் எல்லாம் உண்டு. நம் ஊர்ச் சிற்பியும் ஓவியரும் இதை அறியாதவர்கள் அல்லர். நாடகத் திரையில் பழைய கோட்டை மதிலை எழுதும்போது காரை பெயர்ந்த இடத்தில் செங்கல்லை எட்டிப்பார்க்க வைப்பார்களே, அதுவும் இதுவேதான். ஆனால் ரயில் மாதிரியில் இது வெறும் அலங்காரம் அன்று. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரியாமல் கறை பூசினால், இரண்டே பார்வையில் பொய் என்று தெரிந்துவிடும்.

துருவை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு, ஆக்சிஜன், நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. வண்ணப்பூச்சு இந்த மூன்றும் சேரவிடாமல் தடுக்கும் போர்வை. ஆகவே துரு எங்கே தொடங்கும்? போர்வை கிழிந்த இடத்தில். கதவின் விளிம்பு, தாழ்ப்பாள் உரசும் இடம், ஆணித் தலைகள், நீர் தேங்கும் மூலைகள். பெட்டியின் நடுவில், தட்டையான பரப்பில், காரணமில்லாமல் துரு தொடங்காது. தொடங்கிய இடத்திலிருந்து மழைநீர் அதைக் கீழே இழுத்துச் செல்லும். அதனால் கறை மேலே குறுகலாகவும் அடர்த்தியாகவும், கீழே வர வர வெளிறியும் இருக்கும். புதிய துரு செம்மஞ்சள், நாட்பட்டது கரும்பழுப்பு. கடற்கரையில் உப்புக் காற்று நீரை நல்ல மின்கடத்தியாக்கி இந்த வினையை விரைவுபடுத்தும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள இரும்புக் கிராதியையும், கரையாம்புத்தூர் வயலில் உள்ள மோட்டார் கொட்டகைக் கதவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

பெட்டியின் அடிப்பகுதியில் உள்ள பழுப்பு வேறு கதை. சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள், பிரேக் கட்டையின் தூள், பாதையோரப் புழுதி ஆகிய மூன்றும் கலந்த பூச்சு அது. வண்டி வழக்கமாக பிரேக் போட்டு நிற்கும் நிலையங்களில் பாதையின் கருங்கல் ஜல்லியும் அதிகமாகப் பழுப்பேறியிருக்கும். புழுதியின் நிறமோ ஊருக்கு ஊர் மாறும். பண்ருட்டிப் பக்கம் செம்மண். கோவில்பட்டிப் பக்கம் கரிசல். ஒரு மாதிரிப் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்து, "இந்த வண்டி எந்த ஊர்ப் பாதையில் ஓடுகிறது?" என்று கேட்கலாம். பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல மாதிரி.

நீராவி இன்ஜின் காலத்தில் இன்னும் சுவையான கறைகள் இருந்தன. புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிவது எல்லோருக்கும் தெரியும். கொதிகலனின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்குமே, அவை என்ன? கொதிகலனுக்குள் போகும் நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் கரைந்திருக்கும். மூடிகளின் இடுக்கில் கசியும் நீர் சூட்டில் ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் அடியில் படியும் அதே வெள்ளைதான். உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவைப் பார்த்தவருக்கு இன்ஜினின் வெள்ளைக் கோடு விளங்கும்.

அந்த மாணவியின் மாதிரியில் ஒரு தவறும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். ஒரு பக்கத்தில் துருக் கோடுகள் நேராகக் கீழே வழிந்தன. மறு பக்கத்தில் சாய்வாகப் பின்னோக்கி வழிந்தன. "ஏன்?" என்றேன். "வண்டி ஓடும்போது காத்து அடிக்குமே சார், தண்ணி பின்னாடிதானே போகும்?" என்றாள். எவ்வளவு அழகான தவறு! பதிலில் காரணம் இருக்கிறது. சோதித்துப் பார்க்கவும் முடியும். "அடுத்த முறை அத்தை வீட்டுக்குப் போகும்போது பத்துப் பெட்டிகளைப் பார்த்து எண்ணிக்கொண்டு வா" என்றேன். பிறகு ஒரு நாள் வந்து சொன்னாள்: பத்திலும் கோடுகள் நேராகத்தான் இருந்தனவாம். "ஓடுறதைவிட நிக்கிற நேரந்தான் ஜாஸ்தி போலிருக்கு சார்!" சரக்குப் பெட்டிகள் நிலையங்களிலும் யார்டுகளிலும் காத்துக்கிடப்பதை எண்ணிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. ஒரு கறையிலிருந்து ஒரு பெட்டியின் வாழ்க்கையை ஊகித்துவிட்டாள் அல்லவா? விஞ்ஞானக் கண்காட்சியில் நாம் தேடவேண்டியது இதைத்தான்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தம் புதிதாக வண்ணம் பூசிய மாதிரி ஏன் பொம்மைபோல் தோன்றுகிறது? இதற்கு மாதிரி செய்பவர்கள் சிலர் ஒரு காரணம் சொல்வார்கள்: மாதிரியை 30 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மை வண்டியை 26 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்யும். ஆகவே மாதிரிக்கும் வெளிறிய வண்ணம் வேண்டும் என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவது பல கிலோமீட்டர் காற்றினால். 26 மீட்டர் காற்று அப்படி எதுவும் செய்துவிடாது.

உண்மையான காரணம் வேறு என்பது என் கருத்து. உண்மைப் பெட்டியின் தகட்டில் நெளிவுகள், ஆணித் தலைகள், கீறல்கள், தூசி என்று ஆயிரக்கணக்கான நுண்ணிய மேடுபள்ளங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறு நிழல் தருகிறது. ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கிறது. நம் அட்டையோ வழவழப்பானது. அந்த நிழல்கள் அதில் இல்லை. அவற்றை நாம் தூரிகையால் தரவேண்டியிருக்கிறது. மேலும், நடுப்பகல் வெயிலின் ஒளிர்வு சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வகுப்பறையில் சில நூறு லக்ஸ் மட்டுமே. அந்த மங்கிய ஒளியில் கறுப்பு இன்னும் கறுத்து, நுணுக்கங்களை விழுங்கிவிடும். ஆகவே, இன்ஜினுக்கு நல்ல கறுப்பை எடுக்காமல், அதில் சற்று வெள்ளையைக் கலந்து கரும்சாம்பலாகப் பூசுவதே மேல்.

பூச்சின் தடிமனையும் கணக்கிடுங்கள். நீங்கள் பூசும் வண்ணம் 0.1 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். மெல்லியதுதானே என்று நினைப்பீர்கள். 87-ஆல் பெருக்கினால் 8.7 மி.மீ.! உண்மைப் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. தடிமனில் வண்ணம் அப்பியதற்குச் சமம். ஆணித் தலையெல்லாம் அதில் மூழ்கிப்போகாதா? அதனால்தான் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, பல முறை, மெல்லிசாகப் பூசச் சொல்கிறார்கள்.

எடையோ இன்னும் விந்தை. நீளம் 87 மடங்கு குறைந்தால் பரப்பு 7,569 மடங்கும், கன அளவு 6,58,503 மடங்கும் குறையும். காலியாக 25 டன் எடையுள்ள சரக்குப் பெட்டி, அதே பொருளால் செய்தால், மாதிரியில் வெறும் 38 கிராம் இருக்கும். மாதிரி வண்டிகள் தடம்புரள இதுவும் ஒரு காரணம். உள்ளே ஈயத் துண்டு வைத்துச் சரிக்கட்டுவார்கள். வளைவும் அப்படியே. நம் அகலப் பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக்கூடாது. மாதிரியில் அது 2 மீட்டர். கடை ரயிலின் வளைவு ஆரம் 36 செ.மீ. அளவே. உண்மையில் அது 31 மீட்டர்! அந்த வளைவில் நம் எக்ஸ்பிரஸ் திரும்புவது என்பது மாட்டுவண்டிச் சந்தில் லாரி திரும்புவது போலத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இது பணமும் நேரமும் உள்ளவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. இங்கிலாந்தில் லாங் விட்டனம் என்னும் கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நிறுவியவர் ராய் இங்கிலண்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் அங்கு வந்தவர். பழைய கிராம வீடுகளின் கூரையும் சுவரும் ஒவ்வொன்றாக மாறி மறைந்துகொண்டிருப்பதைக் கண்டு மனம் நொந்தார். தடுக்க அவரால் முடியாது. ஆகவே, அந்த வீடுகளை அளந்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, அட்டையில் சின்னஞ்சிறு வீடுகளாகச் செய்யத் தொடங்கினார். 1954-இல் அருங்காட்சியகம் உருவாயிற்று. 1920-களிலும் 30-களிலும் அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களும் ரயிலும் எப்படி இருந்தன என்பதை இன்றும் அங்கே காணலாம். சுவரில் படிந்த பாசியும் கூரையில் மங்கிய ஓடும் அங்கே ஆவணங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர் இருந்தார். மாதிரி வண்டிகளுக்குத் துருவும் தூசியும் ஏற்றிக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களுக்குள் தீ விபத்தில் அவர் செய்த ரயில் உலகத்தின் பெரும்பகுதி அழிந்தது. நம் நாட்டில் புனே நகரின் கோத்ரூடில் பி. எஸ். ஜோஷி என்பவர் உருவாக்கிய சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்கி வருகிறது. புனே போகும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

எனக்கு இதில் சொந்த வருத்தம் ஒன்று உண்டு. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் 1879-இல் மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே சரியாக 1000 மி.மீ. வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் வழியாக வண்டி போகும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது அகலப் பாதையாயிற்று. கடலூர்ப் பாதையும் 2010-இல் அகலப் பாதையாகித் திறக்கப்பட்டது. மாற்றம் நல்லதே, அதில் எனக்குக் குறையில்லை. பள்ளி நாட்களில் நான் வில்லியனூரில் ஏறி விழுப்புரத்துக்கு அந்தச் சின்ன வண்டியில் பல முறை போயிருக்கிறேன். இன்று யாராவது என்னிடம், "அந்தப் பெட்டியின் படிக்கட்டு மரமா, இரும்பா? நிலையத்துப் பெஞ்சு என்ன நிறம்? கூரைத் தகட்டில் துரு எந்தப் பக்கம் அதிகம்?" என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்துதான் போனேன். பார்த்தேன், கவனிக்கவில்லை. அந்த நாளில் யாராவது ஒரு மாணவர் அந்த நிலையத்தை அட்டையில் செய்து, வழிந்த கறையோடு வைத்திருந்தால், இன்று அதுவே எங்களுக்கு ஓர் அருங்காட்சியகம். நடுவர்கள் அன்றும் அதற்குப் பத்துக்கு இரண்டுதான் போட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மீட்டர் கேஜ் பாதையை இப்போதும் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் மலை ரயில் இருக்கிறது. அதை மாதிரியாகச் செய்ய விரும்புவோருக்கு ஒரு நல்ல செய்தி. மீட்டர் கேஜின் மரக்கட்டை 1800 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம். 87-ஆல் வகுத்தால் 20.7 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. அகலம். கிட்டத்தட்ட அரைத் தீக்குச்சி! குச்சிகளை முதலில் தண்ணீரில் ஊறவைத்து மருந்தை அகற்றிவிடுங்கள். பிறகு இரண்டாக வெட்டுங்கள்.

புதுக் குச்சி வெள்ளை வெளேரென்று இருக்குமே, அதைப் பல்லாண்டு வெயிலில் கிடந்த கட்டையாக்குவது எப்படி? சாதாரண இரும்பு ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். எவர்சில்வர் நார் இதற்கு உதவாது. அது துருவை எதிர்க்கவே பிறந்தது. பாட்டிலை இறுக மூடாதீர்கள், அருகில் நெருப்பும் வேண்டாம். ஹைட்ரஜன் வாயு வெளிவரும். குச்சிகளைக் கடுந்தேயிலை டிகாஷனில் நனைத்துக் காயவைத்து, பிறகு இந்த வினிகரைத் தடவினால், உங்கள் கண்ணெதிரே சாம்பல் கறுப்பாக மாறும். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. கலம்காரித் துணிகளின் கறுப்பும் இரும்பும் கடுக்காயும் சேர்ந்து பிறப்பதுதான். துருவுக்குச் செங்கல் தூள், கரிக்கு அடுப்புக்கரி, புழுதிக்கு அந்த ஊர் மண்ணையே துணியில் சலித்த பொடி. இவற்றைவிட நல்ல வண்ணத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தெர்மகோல் மட்டும் வேண்டாம். அது எதைப் போலவும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் குப்பையில் மக்காமல் கிடக்கும்.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கை தேவை. அழுக்கில் மோகம் பிடித்து, பெட்டி முழுவதும் துருவை அப்பிவிடுகிறவர்களும் உண்டு. பளபளப்பான பொய்யைவிட இது பெரிய பொய். ஒரு பெட்டியில் எந்த இடம் அழுக்காகாது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். கதவுக் கைப்பிடி பலர் கைபட்டுத் தேய்ந்து மினுங்கும். எடையைக் குறித்த எழுத்துகளைச் சில இடங்களில் யாரோ துடைத்திருப்பார்கள். தண்டவாளத்தின் தலையைத்தான் முதலிலேயே சொன்னேனே!

ஆசிரியர்களும் நடுவர்களும் இந்த இதழைப் புரட்டுவதுண்டு என்பதால் அவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். மதிப்பெண் தாளில் 'தோற்றம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'இதை எங்கே பார்த்தாய்?' என்று ஒரு கட்டம் போடலாகாதா? கடையில் வாங்கிய ரயிலுக்கு அந்தக் கேள்வியில் பதில் இராது. ரயில் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதில் குறையில்லை. ஏரிக்கரை மதகு, மோட்டார் கொட்டகை, டவுன் பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர் என்று உங்கள் கண்ணெதிரே துருப்பிடித்துக்கொண்டிருப்பவை ஏராளம். அவற்றில் சில நீங்கள் கல்லூரிக்குப் போவதற்குள் காணாமல் போகும்.

அண்மையில் அந்த மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஒரு பக்கத்துச் சாய்ந்த கோடுகளை அழித்து நேராக்கியிருந்தாள். கூரையில் மெலிதாக வீட்டுத் தூசி படிந்திருந்தது. "இதுவும் நல்லாத்தானே இருக்கு, உண்மைத் தூசியாச்சே!" என்றேன் வேடிக்கையாக. அவள் நோட்டை எடுத்தாள். தூசித் துகள் 0.05 மி.மீ. இருந்தால், 87 மடங்கு 4 மி.மீ.க்கு மேல். "கூரை மேல ஜல்லி கொட்டின மாதிரி இருக்கு சார்" என்று சொல்லி, மெல்லிய தூரிகையால் துடைக்கத் தொடங்கினாள்.